ரோந்துக்காரர் வருமுன்...

மதுரை மாநகரில் இரவு ரோந்து சுற்றியவர்களுள் மிகப் பழைய பெயர் யாருடையது என்று அறிய, போலீஸ் இலாகாவின் தஸ்தாவேஜுகளைப் புரட்ட வேண்டியதில்லை. அது ஒரு பாண்டிய ராஜாவின் பெயர். பொற்கைப் பாண்டியன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத தமிழர் குறைவு.

கீரந்தை என்னும் அந்தணன் வெளியூர் புறப்படுகிறான். தனியே இருக்க அவன் மனைவி அஞ்சுகிறாள். "அரசனுடைய காவல் இருக்கும்போது உனக்கு என்ன பயம்?" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அதைக் கேட்டிருந்த ராஜா, அன்று முதல் ஒவ்வோர் இரவும் தானே அந்தத் தெருவில் ரோந்து வருகிறார். ஒருநாள் இரவு வீட்டுக்குள் ஆண் குரல் கேட்கிறது. ராஜா கதவைத் தட்டிவிடுகிறார். உள்ளே இருந்தது வேறு யாருமில்லை. ஊர் திரும்பிய கீரந்தைதான். அந்தப் பெண்ணுக்குப் பழி வந்துவிடுமே என்று, தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவுகளையும் தட்டிவிட்டு ராஜா ஓடுகிறார். மறுநாள் தெருவே சபையில் வந்து முறையிடுகிறது. தட்டிய கையைத் தாமே வெட்டிக்கொள்கிறார். பிறகு பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டாராம்.

இந்தக் கதையில் ராஜாவின் நேர்மையைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். போலீஸ் வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கும் எனக்கோ அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. ராஜாவே ரோந்து வந்தாலும் அவருக்கு எட்டியது தெருக்கதவு வரையில்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தட்டினாலும் தவறு; தட்டாமல் போனாலும் தவறாகியிருக்கலாம்.

2012, பிப்ரவரி

அதே மதுரையில், 2012-ம் வருஷம் பிப்ரவரி மாதம், ஒரு வீட்டுக்குள் அபாயம் இருந்தது. அது சுவரேறிக் குதித்து வந்ததல்ல. அந்த வீட்டின் தலைவனே அந்த அபாயம். குடித்துவிட்டு வந்தவன், தான் பெற்ற மகளையே பலாத்காரம் செய்ய முயன்றான். தாய் ஓடிவந்தாள். கையில் கிடைத்தது கிரிக்கெட் மட்டை. அதைக்கொண்டு அடித்தாள். அவன் இறந்துபோனான்.

அந்தத் தாயின் பெயர் அப்போது பத்திரிகைகளில் வந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மகளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

ஒரு வீட்டில் பிணம் விழுந்தால் போலீஸ் ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கொலை வழக்கு, கைது, மாஜிஸ்திரேட் முன்னிலையில் ஆஜர், சிறை. பிறகு ஜாமீனுக்கு அலைய வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை வருவதற்குள் வருஷங்கள் போய்விடும். கடைசியில் ஒருநாள், "தற்காப்புக்காகச் செய்தது, குற்றமில்லை" என்று நீதிபதி விடுதலை செய்யலாம். அதற்குள் குழந்தைகள் எங்கே வளர்ந்திருப்பார்கள்? தகப்பனும் இல்லை, தாய் ஜெயிலில்.

அவ்விதம் நடக்கவில்லை. அப்போது மதுரை மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டாக இருந்தவர் அஸ்ரா கார்க். அவர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவை எடுத்துப் பார்த்தார். பலாத்காரம் செய்யும் நோக்கத்துடன் வருபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும், தடுத்தவர் செய்தது குற்றமாகாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அந்தத் தாய் சிறைக்கு அனுப்பப்படாமல் வீடு திரும்பினார்.

தமிழ்நாடு முழுவதும் இது பேச்சாயிற்று. "கொலை செய்தவரைப் போலீஸாரே விட்டுவிட்டார்களாமே! அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?" என்று ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். சட்டமோ 150 வருஷமாக அங்கேயே இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மெக்காலேயின் குறை

இந்தச் சட்டத்தின் பூர்வோத்தரம் சற்று வேடிக்கையானது. 1837-ல் மெக்காலே துரையின் தலைமையில் இருந்த சட்டக் கமிஷன்தான் தண்டனைச் சட்டத்தின் நகலைத் தயாரித்தது. தற்காப்பு உரிமையை ஏன் இவ்வளவு தாராளமாக வைத்தோம் என்று அந்தக் கமிஷன் ஒரு குறிப்பும் எழுதியது. இந்த தேசத்து மக்கள் கொள்ளைக்காரர்களிடம் அளவுக்கு மீறிப் பொறுமையாக இருக்கிறார்கள், எதிர்த்து நிற்கும் துணிவை அவர்களிடம் வளர்க்க வேண்டும், ஆகவே உரிமையைக் குறுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நம்மவர்களுக்கு வீரம் போதவில்லை என்று துரை குறைப்பட்டுக்கொண்டதைப் படிக்கும்போது மதுரைக்காரனுக்குச் சிரிப்பு வரும். 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, தென்பாண்டிச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று பிரகடனம் செய்தது அதே கும்பினி சர்க்கார்தான். வேலையும் வாளையும் பிடுங்கிக்கொண்டு, முப்பத்தாறு வருஷம் கழித்து, "ஏனப்பா எதிர்த்து நிற்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டார்கள்!

ஆயினும் எழுதிய சட்டம் நல்ல சட்டம். 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறையில் இருக்கிறது. எண்கள் மாறினவே தவிர, தற்காப்பு பற்றிய சாரம் மாறவில்லை. பழைய 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. மதுரைத் தாயை வீட்டுக்கு அனுப்பிய 100-வது பிரிவு இப்போது 38-வது பிரிவு.

தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பிள்ளைக்காகத் தாய் அடிக்கலாம்; முன்பின் தெரியாத பெண்ணுக்காக வழிப்போக்கரும் அடிக்கலாம். எதிராளி உயிர் போகும் அளவுக்கு அடிக்க நேர்ந்தாலும் குற்றமாகாத சந்தர்ப்பங்கள் ஏழு. உயிர் போய்விடும் என்ற நியாயமான பயம், கொடுங்காயம் ஏற்படும் என்ற பயம், பலாத்காரம், இயற்கைக்கு மாறான இச்சைக்காகத் தாக்குதல், கடத்தல், போலீஸை அணுக வழியில்லாதபடி அடைத்து வைத்தல் ஆகிய ஆறும் ஆதியிலிருந்தே உண்டு. திராவகம் வீசுவது 2013-ல் ஏழாவதாகச் சேர்ந்தது. ஏன் சேர்க்க நேர்ந்தது என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சொத்தைக் காப்பதற்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்கு எல்லை குறுகலானது. கொள்ளையடிக்க வந்தவன், இரவில் வீட்டை உடைத்து நுழைந்தவன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவன் ஆகியோர் விஷயத்தில் உரிமை உயிர் வரை நீளும். தோப்பில் தேங்காய் பறித்தவன், கொல்லையில் ஆடு பிடித்தவன் விஷயத்தில் நீளாது. அவனால் உயிருக்கோ பெருங்காயத்துக்கோ ஆபத்து என்ற நியாயமான பயம் இருந்தால்தான் உண்டு. பன்றிக்கு என்று சொல்லி வயலைச் சுற்றித் திருட்டு மின்சாரத்தில் கம்பி வேலி போடுகிறார்களே, அதில் கால் வைத்து மனிதர்கள் செத்துப்போகிறார்களே, அது தற்காப்பு ஆகாது. கம்பிக்குக் கண் இல்லை. வருவது பன்றியா, திருடனா, தண்ணீர் கட்டப் போகும் பக்கத்து வயல்காரரா என்று அதற்குத் தெரியாது.

உரிமைக்குக் கடிவாளமும் போட்டிருக்கிறார்கள். போலீஸாரிடம் போவதற்கு நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. தடுப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒரு அடியும் கூடாது. அடித்து வீழ்த்திய பிறகு, கிடப்பவனை மறுபடி அடித்தால் அது பழிவாங்கல். ஆனால், உயிருக்குப் போராடுகிறவர் தராசு பிடித்து நிறுத்து அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை சுப்ரீம் கோர்ட் பல தீர்ப்புகளில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் இந்த விதிகளையெல்லாம் தொகுத்து வைத்தது. தாக்கப்பட்டவர் ஓடிப் பிழைத்திருக்கலாமே என்று கேட்பதும் சரியல்ல என்பது அவற்றுள் ஒன்று.

போலீஸார் தீர்ப்புச் சொல்லலாமா?

மதுரைச் சம்பவத்தின்போது சில சட்ட நிபுணர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பினார்கள். அது அலட்சியம் செய்யத் தக்கதல்ல. தற்காப்பா, கொலையா என்று முடிவு செய்வது கோர்ட்டின் வேலையல்லவா? தற்காப்பு என்று சொல்லுகிறவர்தானே அதை நிரூபிக்க வேண்டும்? ஒரு போலீஸ் அதிகாரி நல்லவராக இருந்ததால் ஒரு தாய் பிழைத்தார். நாளை வேறொரு அதிகாரி, வேண்டியவன் ஒருவனை இதே பிரிவைச் சொல்லி விட்டுவிட்டால்?

கேள்வி நியாயமானது. ஆனால் பதிலும் சட்டத்திலேயே இருக்கிறது. தற்காப்பில் செய்தது "மன்னிக்கத்தக்க குற்றம்" என்று சட்டம் சொல்லவில்லை; "குற்றமே அல்ல" என்று சொல்கிறது. குற்றமே இல்லை என்று புலன்விசாரணையில் தெரிந்தால், ஒருவரைக் கோர்ட்டுக்கு அனுப்பப் போதிய சாட்சியம் இல்லை என்று விட்டுவிட விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். மாஜிஸ்திரேட் ஏற்காமல் மேலும் விசாரிக்கச் சொல்லலாம். ஆக, கடைசிப் பேனா கோர்ட்டின் கையில்தான் இருக்கிறது. போலீஸ் அதிகாரி செய்ய முடிவது, அந்தப் பேனா எழுதும் வரை தாயைச் சிறையில் வைக்காமல் இருப்பது. அது சிறிய விஷயமல்ல.

2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில் இதே போல் மற்றொன்று நடந்தது. பலாத்காரம் செய்ய வந்தவன் கத்தியைக் காட்டி மிரட்டினான். 19 வயதுப் பெண் அவனைத் தள்ளிவிட்டு, அந்தக் கத்தியாலேயே குத்தினாள். அவன் இறந்தான். அந்தப் பெண்ணே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். அங்கும் 100-வது பிரிவின்படி அவள் விடுவிக்கப்பட்டாள். மதுரையில் ஒருவர் திறந்த பக்கத்தை அடுத்தவர்கள் தேடி எடுப்பது எளிதாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

காவல் கூலியும் துப்புக் கூலியும்

இனி, இந்த விஷயத்தின் மறுபக்கம். போலீஸ் வருமுன் நம்மை நாமே காத்துக்கொள்ளலாம் என்றால், எப்போதுமே நாமே காத்துக்கொண்டால் என்ன, போலீஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மதுரைச் சீமை இதைப் பரீட்சை செய்தே பார்த்திருக்கிறது.

நாயக்கர் காலத்திலும் பாளையக்காரர் காலத்திலும் இந்தச் சமவெளியில் போலீஸ் என்று ஒன்று இல்லை. ஊருக்கு ஊர் காவல் இருந்தது. ஓர் ஊரைக் காப்பது ஸ்தலக் காவல். வழிகளையும் பல ஊர்களையும் சேர்த்துக் காப்பது திசைக் காவல். விளைச்சலில் ஒரு பங்கு காவல்காரருக்கு. அதற்குப் பதில், களவு போனால் அவரே கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இன்றைய இன்ஷூரன்ஸ் கம்பெனிகூட இவ்வளவு சுருக்கமாகப் பேசாது.

நல்ல ஏற்பாடுதான், சம்பளம் ஒழுங்காக வரும் வரையில். கும்பினி ஆட்சி வந்து பாளையங்களை ஒழித்தது. காவல் உரிமைகளையும் பறித்தது. தலைமுறை தலைமுறையாகக் காவலையே பிழைப்பாகக் கொண்டிருந்த கள்ளர் சமூகத்தாருக்கு வேறு பிழைப்பு தரவில்லை. வானம் பார்த்த பூமியில் என்ன செய்வார்கள்? காவல் கூலி கேட்டார்கள். கொடுக்காதவர் வீட்டு மாடு காணாமற் போயிற்று. மாடு இருக்கும் இடம் தெரிய வேண்டுமானால் "துப்புக் கூலி" தர வேண்டும். ஜில்லா கெஜட்டியர் இதையெல்லாம் விஸ்தாரமாக எழுதி வைத்திருக்கிறது. எழுதியவர் வெள்ளைக்கார அதிகாரி. பிழைப்பைப் பறித்தது யார் என்பதை அவர் அவ்வளவு விஸ்தாரமாக எழுதவில்லை.

1896-ல் திண்டுக்கல் பக்கத்தில் குடியானவர்கள் கட்டுப்பாடாகச் சேர்ந்து காவல்காரர்களை வெளியேற்றக் கிளம்பினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து நிதி வைத்தார்கள். "ஃபண்டு" என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் பண்டு ஆகி, அந்தக் கிளர்ச்சிக்கே பண்டு என்று பெயர் வந்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன. இவர்களும் தற்காப்பு என்றுதான் சொன்னார்கள். அவர்களும் காவல் என்றுதான் சொன்னார்கள்.

சர்க்காரின் போலீஸ் எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் பார்லிமெண்டு வரை போய், 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை தந்தது. வரி வாங்கும் கையிலேயே தடியும் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று கண்டார்கள். 1859-ம் வருஷத்து 24-வது சட்டத்தின்படி தனிப் போலீஸ் படை அமைந்தது. அடிப்பதை நிறுத்துவதற்காகப் பிறந்த இலாகா அது!

அந்த இலாகா குற்றத்தைக் குறைக்கக் கண்ட ஒரு வழியைத்தான் மதுரை இன்றும் மறக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ம் வருஷத்துச் சட்டத்தைக் கொண்டு 1914 முதல் மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர்களை ஊர் ஊராகப் பதிவு செய்தார்கள். திருடியவனை அல்ல; பிறந்தவனை! கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸார் கண்ணெதிரே சாவடியில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் இதை "ரேகைச் சட்டம்" என்பார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். போலீஸார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள்.

வழக்கு நடத்த மதுரையில் ஒரு பாரிஸ்டர் முன்வந்தார். ஜார்ஜ் ஜோசப் என்பது அவர் பெயர்; ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ரோசாப்பூ துரை. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோர் பிறகு மேடை மேடையாகப் பேசினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாயிற்று. 1952-ல் தேசம் முழுவதும் ஒழிந்தது. அந்தச் சட்டக் காலத்திலேயே தொடங்கிய கள்ளர் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் வளர்ந்து, முன்னூறை ஒட்டிய எண்ணிக்கையை எட்டின. சாவடியில் படுக்க வைத்த ராத்திரிகளைவிட இந்தப் பள்ளிக்கூடத்துப் பகல்கள்தாம் குற்றத்தைக் குறைத்தன என்பது என் அபிப்பிராயம்.

எந்தக் கதவில் நிற்பது?

அப்படியானால் ரோந்தால் பயனில்லையா? இதை அமெரிக்காவில் கன்ஸாஸ் ஸிடி போலீஸார் 1972-73-ல் சோதித்துப் பார்த்தார்கள். நகரின் ஒரு பாகத்தில் ரோந்துக் காரையே நிறுத்தினார்கள். கூப்பிட்டால் மட்டும் போனார்கள். இன்னொரு பாகத்தில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். மற்றொன்றில் வழக்கம்போல். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், குற்றத்தில் வித்தியாசமே இல்லை. ஜனங்களுடைய பயத்திலும் வித்தியாசம் இல்லை. கார் ஓடியதும் ஓடாததும் அவர்களுக்குத் தெரியவே இல்லை!

பின்னால் மினியாபொலிஸ் நகரில் வேறு கணக்குப் போட்டார்கள். ஒரு வருஷம் போலீஸை அழைத்த இடங்களை எண்ணிப் பார்த்தால், நகரத்து முகவரிகளில் நூற்றுக்கு மூன்று சொச்சத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. அதே சந்து, அதே சாராயக் கடை, அதே வீடு. ஊர் முழுவதும் சுற்றுவதைவிட அந்த இடங்களில் அடிக்கடி போய் நின்றபோது குற்றம் குறைந்தது.

மதுரையில் இரண்டு மணி ராத்திரிக்கு மாசி வீதிகளில் நடந்திருக்கிறீர்களா? நான் நடந்திருக்கிறேன். ஓரிடத்தில் இட்லிக் கொப்பரை ஆவி விடுகிறது. மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறங்குகிறது. இரவு வண்டியில் வந்து இறங்கியவர்கள் டீ குடிக்கிறார்கள். "தூங்கா நகரம்" என்று பெருமைக்குச் சொல்கிறோம். அந்த இட்லிக்காரம்மாளும் பூ மூட்டைக்காரரும் சம்பளம் வாங்காத ரோந்துக்காரர்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும் இடத்தில் சங்கிலி அறுப்பவனுக்குக் கை வராது. போலீஸாரும் வருகிறார்கள். கோயில் வாசல், பாங்கி, பூட்டிக் கிடக்கும் வீடு என்று ஆங்காங்கே பட்டா புத்தகம் தொங்குகிறது. பீட் கான்ஸ்டபிள் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்.

பூட்டிய வீட்டுக்குப் பட்டா புத்தகம் இருக்கிறது. கூச்சல் கேட்கும் வீட்டுக்கு இல்லை. மினியாபொலிஸ் கணக்கை நம் ஊருக்குப் போட்டால் அந்த வீடும் அதில் வரும். குடித்துவிட்டு அடிக்கிறான் என்று பெண்கள் பிராது கொண்டுவரும் வீடுகள் எவை என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தெரியும். 1992 முதல் தமிழ்நாட்டில் மகளிர் போலீஸ் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. 2006 முதல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. அடிப்பவனை வீட்டுக்குள் நுழையாதே என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆனால் பிராது கொண்டுபோனவளுக்குப் பெரும்பாலும் என்ன கிடைக்கிறது? "குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், சமாதானமாய்ப் போம்மா." பத்துத் தடவை சமாதானமாய்ப் போனவள் பதினோராவது தடவை அம்மிக் குழவியைத் தூக்குகிறாள். சட்டம் அவளைக் காப்பாற்றலாம். அதற்கு முந்திய பத்துத் தடவை யார் காப்பாற்றியிருக்க வேண்டும்?

எல்லோரும் சொல்லும் வார்த்தை

தற்காப்பு என்ற வார்த்தையை எல்லோரும் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயில் தேடிக் காரில் வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடிவிட்டது. செல்போனில் வந்த வதந்தி முன்பே வேலை செய்திருந்தது. அடித்தே கொன்றார்கள். பிள்ளைகளைக் காக்கத்தான் அடித்தோம் என்றால் கோர்ட் கேட்காது. பலர் சேர்ந்து ஒரு கிழவியைப் பிடித்த பிறகு அங்கே ஆபத்து எது? போலீஸுக்குச் சொல்ல நேரம் இல்லையா?

போலீஸாரும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ரவுடி தப்ப முயன்றான், அரிவாளால் வெட்ட வந்தான், தற்காப்புக்காகச் சுட்டோம். மதுரைப் பகுதி வாசகர்களுக்கு இந்தச் செய்தியின் வாசகம் மனப்பாடம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். அரிவாள் வெட்டுப்பட்ட போலீஸாரும் உண்டு. ஆனால் மட்டையெடுத்த அந்தத் தாய்க்கு எவ்வளவு உரிமையோ, தன்னைக் காத்துக்கொள்வதில் போலீஸ்காரருக்கும் அவ்வளவே. அதிகமாக ஒரு பிரிவும் இல்லை. குற்றவாளி என்பதற்காக ஒருவனைக் கொல்வது போலீஸின் கடமையல்ல என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2014-ல், சுட்டுக் கொன்ற ஒவ்வொரு சம்பவத்துக்கும் வழக்குப் பதிந்து, தனி விசாரணையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்று விதிகள் வகுத்தது. விசாரிக்காமல் வெட்டுண்ட கோவலன் கதை நடந்ததும் இதே ஊரில்தானே! திருடன் பிடிபட்டான் என்று அன்றைக்கும் அரண்மனையில் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

உரிமையை இன்னும் அகலமாக்கினால் குற்றம் குறையுமே என்று வாதிப்பவர்களுக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணம் ஓர் எச்சரிக்கை. பொது இடத்திலும் பின்வாங்காமல் சுடலாம் என்று 2005-ல் அங்கே சட்டம் செய்தார்கள். அதன் பிறகு கொலைகள் ஏறக்குறைய 24 சதவிகிதம் கூடின என்று 2017-ல் வெளியான ஆராய்ச்சி கண்டது. அங்கே துப்பாக்கி, இங்கே அரிவாள். ஆத்திரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

நடந்துவிட்டால்...

யாருக்கும் வேண்டாம். ஆனால் ஒருவேளை நேர்ந்துவிட்டால், செய்ய வேண்டியவை சில உண்டு. அடித்தவன் விழுந்தவுடன் கையை நிறுத்திவிட வேண்டும். 112-க்குப் போன் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸும் கூப்பிட வேண்டும், விழுந்தவனுக்கும் சேர்த்துத்தான். பயத்தில் வீட்டைக் கழுவிவிடுவதும், சேலையை மாற்றிக்கொள்வதும், கட்டையை ஒளித்து வைப்பதும்தான் பெரும்பாலோர் செய்யும் பிசகு. உடைந்த வளையலும் கிழிந்த ரவிக்கையும் கழுத்தில் நகக்கீறலும்தாம் உங்கள் சாட்சிகள். உடனே ஆஸ்பத்திரியில் காயங்களைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கீழே விழுந்து செத்தான் என்று கதை கட்டினால் உண்மையான தற்காப்பும் பொய்யாகிவிடும். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு சொல்லுபவர் மேல் இருந்தாலும், கொலைக் குற்றத்தைச் சர்க்கார் நிரூபிப்பது போல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. இருந்திருக்கக்கூடும் என்று நம்ப இடம் இருந்தால் போதும்.

வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மதுரை ஜில்லா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. அடி வாங்கிய முதல் நாளே அங்கே போகலாம். பதினோராவது தடவை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் சமையலறைக் காலண்டரில் எழுதி வைக்கலாம். பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.